சாப்டாச்சா? தண்ணி வந்துச்சா?

எங்க அபார்ட்மெண்ட்ல மொத்தம் பன்னிரண்டு வீடு. ஏரியா வேளச்சேரி. காலையில படி இறங்கினா, கீழ்வீட்டு அங்கிள் "என்ன தம்பி, ஆபீஸ் கெளம்பியாச்சா?"ம்பார். பையும் ஹெல்மெட்டுமா நிக்கறவன் வேற எங்க போவான்? :-) இதுக்கெல்லாம் பதில் சொல்லணுமான்னு, கதவைப் பூட்டும்போதே காதுல இயர்போனை மாட்டிக்கற ஆள் நான்.

அப்படியும் ஒரு கதை மட்டும் விடாது. "2015-ல தண்ணி இந்த மூணாவது படி வரைக்கும் வந்துச்சுப்பா..." குறைஞ்சது இருபது தடவை கேட்டிருப்பேன். அவர் முடிச்சா, மாடிவீட்டு அக்கா 2016 வர்தா புயல்ல கரண்ட் இல்லாம தவிச்சதை ஆரம்பிப்பாங்க. அப்புறம் 2019 கோடை, லாரித் தண்ணிக்கு குடத்தோட நின்னது, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்தது... வேலைவெட்டி இல்லாத பேச்சுன்னுதான் நெனச்சேன்.

2023 டிசம்பர் 3 ராத்திரி, மிக்ஜாம் புயல். அங்கிள் கதையை காதுல வாங்கினவங்க எல்லாம் சாயங்காலமே வண்டியை மேம்பாலத்துல ஏத்தி விட்டுட்டாங்க. நான் மொபைல்ல வானிலை பார்த்துட்டு தூங்கிட்டேன். காலையில பார்த்தா என் பைக் இஞ்சின் முழுக்கத் தண்ணிக்குள்ள. தண்ணி எது வரைக்கும்? அதே மூணாவது படி!

சரி, வண்டி போனா போகுது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. பார்க்கிங் சண்டைக்குன்னே இருந்த வாட்ஸப் குரூப்பும் செத்துப்போச்சு. ரெண்டாம் நாள் மாடிவீட்டு அக்கா இறங்கி வந்து என் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டறாங்க. "பாட்டி, இன்சுலின் ஃப்ரிட்ஜ்லதானே இருக்கு? கொடுங்க." ஈரத்துணி சுத்தின மண்பானைக்குள்ள டப்பாவைப் பத்திரமா வெச்சுட்டுப் போனாங்க.

அந்தப் பாட்டிக்கும் எனக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். ரெண்டு வருஷமா. அவங்களுக்கு சுகர்ங்கறதே எனக்குத் தெரியாது. அக்காவுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது? மொட்டைமாடியில துணி காயப்போடும்போது "சாப்டாச்சா பாட்டி?"ன்னு கேட்டிருக்காங்க. "ஊசி போட்டுட்டுதாம்மா சாப்பிடணும்"னு பாட்டி சொல்லியிருக்காங்க. அவ்ளோதான்.

நம்ம பாஷையில சொன்னா இது பிங் பண்றது மாதிரி. அனுப்பற பாக்கெட்ல பெருசா விஷயம் ஒண்ணும் இருக்காது. ஆனா எதிர்ல மெஷின் உயிரோட இருக்கா, பதில் வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு தெரிஞ்சுடும். தினம் பதில் சொல்றவங்க ஒருநாள் சொல்லலைன்னா போய்ப் பார்க்கத் தோணும். பழைய கதையும் அப்படித்தான். போன வெள்ளத்தோட அளவு எங்க தெருவுல எந்த போர்டுலயும் எழுதி வைக்கலை. அங்கிள் வாயிலதான் இருந்துச்சு.

"சம்பளம் எவ்ளோ, கல்யாணம் எப்போ"ன்னு தோண்டறவங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லலை. அதுக்கு சிரிச்சு மழுப்பிட்டா போச்சு. அதுக்குப் பயந்து மொத்தமா காதை அடைச்சது என் தப்பு.

இப்பல்லாம் படி இறங்கும்போது இயர்போன் பையிலதான். பாட்டிகிட்ட "ஊசி போட்டாச்சா?"ன்னு கேட்டுட்டுதான் கிளம்பறது. முதல் மாடிக்குப் புதுசா ஒரு தம்பி குடிவந்திருக்கார். அவர்கிட்ட அந்த மூணாவது படியைக் காட்டி, "2023-ல தண்ணி இது வரைக்கும்..."னு ஆரம்பிச்சேன். மெதுவா இயர்போனை எடுத்து மாட்டிக்கிட்டார். விடமாட்டேன், இன்னும் பத்தொம்பது தடவை பாக்கி இருக்கு :-)