வேதியியல் கூடத்திலிருந்து விழித்திரைக்கு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் டேவிட் டால்ஃபின் ஆராய்ந்தவை போர்ஃபிரின்கள். ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் நிறமியின் குடும்பம். அந்த ஆய்வில் உருவான வெர்டிபோர்ஃபின் முதலில் புற்றுநோயைக் குறிவைத்தது. அதைக் கண்ணுக்குக் கொண்டுவந்ததில் அதே பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் ஜூலியா லெவிக்குப் பெரும்பங்கு உண்டு. இந்த மருந்தை வளர்த்தெடுத்த, 1981-இல் தொடங்கப்பட்ட கியூஎல்டி நிறுவனத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

முதுமையில் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும். எதிரில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாமல் போகும். முன்பெல்லாம் லேசர் சூட்டால் அவற்றைப் பொசுக்கினார்கள். மேலிருக்கும் விழித்திரையும் சேர்ந்து வெந்தது. வெர்டிபோர்ஃபினோ கைநரம்பில் ஏற்றப்பட்டு அந்தக் குழாய்களில் சேர்கிறது. 689 நானோமீட்டர் செவ்வொளியைச் சூடின்றி 83 விநாடி பாய்ச்சினால், மருந்து ஆக்சிஜனைத் தூண்டிப் பெரும்பாலும் அந்தக் குழாய்களையே அடைக்கிறது. என்ன நேர்த்தியான வேதியியல்! 2000-இல் அமெரிக்கா இந்த மருந்தை அனுமதித்தது.

இழந்த பார்வையை இது பெரும்பாலும் மீட்பதில்லை, மேலும் இழப்பதைக் குறைக்கிறது. பின்னர் வந்த கண்ஊசிகள் இதைப் பின்னுக்குத் தள்ளின. ஆனால் ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் இந்நோயின் பாலிபாய்டல் வகைக்கு மருத்துவர்கள் இன்றும் இதை நாடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் இதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது கவலைக்குரியது. பொதுப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மருந்து இது. இதன் உற்பத்தியை விரிவாக்க அரசுகள் முன்வர வேண்டும். உடனடிப் பயன் கேட்காமல் அடிப்படை வேதியியலுக்கு நிதி தருவதையும் அவை நிறுத்திவிடக் கூடாது.