பச்சை அட்டையை நம்பும் கணக்கு வகுப்பு

பாடம் முடியும் வேளையில் "புரிந்ததா?" என்று கேட்பதும், வகுப்பு ஒரே குரலில் "புரிந்தது" என்பதும் பழைய வழக்கம். அதே கேள்விதான் இன்று கட்டைவிரலாகவும் சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டைகளாகவும் வேடம் மாறி, தன்மதிப்பீடு என்ற பெயரில் உலவுகிறது. எது புரிந்தது, எது புரியவில்லை என்பது மாணவருக்கே நன்றாகத் தெரியும், அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த பாடத்தை அமைத்தால் போதும் என்பது இதன் அடியில் உள்ள நம்பிக்கை. கணக்கைப் பொறுத்தவரை அது தவறு.

2012-ஆம் ஆண்டு பீசா (PISA) பன்னாட்டுத் தேர்வில் 15 வயது மாணவர்களிடம் கணிதக் கருத்துகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பழக்கம் என்று கேட்டார்கள். அதில் 3 பெயர்கள் கற்பனை. 'அறிவிப்புப் பின்னம்' அவற்றில் ஒன்று. அப்படி ஒரு பின்னமே கிடையாது. ஆனாலும் அது தெரியும் என்று குறித்தவர்கள் பலர். எல்லோரும் பொய் சொன்னதாகக் கொள்ள வேண்டியதில்லை. எங்கோ கேட்டது போன்ற உணர்வே அறிவாகத் தோன்றிவிடுகிறது. ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கும் இப்படித்தான்: பார்க்கும்போது தெளிவு, தனியே போட உட்கார்ந்தால் கை ஓடாது.

மாணவர் சொல்வதைக் கேட்டால் போதும் என்ற நம்பிக்கையின் ஆதரவாளர்கள், கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டி 2009-இல் வெளியிட்ட 'விசிபிள் லேர்னிங்' நூலைக் காட்டுவார்கள். அது பட்டியலிட்ட, கற்றலைப் பாதிக்கும் 138 காரணிகளில் 1.44 என்ற விளைவு அளவோடு முதலிடம் பெற்றது 'மாணவர் தாமே கூறும் மதிப்பெண்'. ஆனால் அந்த எண்ணுக்கு அடிப்படையான ஆய்வுகள் பெரும்பாலும் அளந்தது, மாணவர் சொன்ன மதிப்பெண்ணுக்கும் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவை. தன் உயரத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்ததால் எவரும் வளர்ந்துவிடுவதில்லை. தவிர, வகுப்பில் தான் முன்வரிசையா பின்வரிசையா என்பது மாணவருக்குத் தெரிந்தே இருக்கும். எந்தப் படியில் இடறுகிறோம் என்பதுதான் தெரியாது. நாளைய பாடத்துக்கு ஆசிரியருக்கு வேண்டியதோ அது ஒன்றே.

0.45, 0.6 இவற்றில் எது பெரியது? 45 என்பது 6-ஐ விடப் பெரிது என்பதால் 0.45 என்று எழுதும் பிள்ளைக்குத் துளியும் ஐயம் இருக்காது. இருக்கக் காரணமும் இல்லை. 0.72, 0.58 என்று இலக்கங்கள் சமமாக உள்ள கணக்குகளில் அதே விதிதான் அவருக்குச் சரிக்குறி வாங்கித் தந்திருக்கிறது. நேரெதிர்ப் பிழையும் உண்டு. பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரிது, ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் குறைந்த எண்ணே எப்போதும் பெரியது என்று எண்ணுபவர், 0.6 என்று சரியாகவே எழுதிவிடுவார். 0.3, 0.45 என்று கேட்டால்தான் குட்டு உடையும். இருவரும் தூக்குவது பச்சை அட்டையைத்தான், அதில் பாசாங்கில்லை. தம் பிழையைக் கண்டுபிடிக்க எந்த அறிவு வேண்டுமோ, அதுவே அவர்களிடம் இல்லை.

வண்ணக்குறி முறையைப் பரப்பிய லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் குழுவினர் இதை அறியாதவர்கள் அல்லர். அவர்களோடு பணியாற்றிய ஆசிரியர்கள் பச்சையையும் மஞ்சளையும் இணையாக உட்கார வைத்தார்கள். சிவப்புக் குறியிட்டவர்களைத் தாங்களே கவனித்தார்கள். பச்சை காட்டியவர் பக்கத்திலிருப்பவருக்கு விளக்கியாக வேண்டும் என்பதால் அந்தக் குறி அங்கேயே சோதனைக்கு உள்ளானது. நகலெடுத்தவர்கள் வண்ணத்தை எடுத்துக்கொண்டு சோதனையை விட்டுவிட்டார்கள்.

தன்மதிப்பீடு ஒரு குறிப்பிட்ட கணக்கோடு ஒட்டியிருந்தால்தான் பயன்படும். விடையின் அருகிலேயே 'உறுதி' அல்லது 'ஐயம்' என்று மாணவர் குறிக்க வேண்டும். பிறகு விடையைத் திருத்த வேண்டும். ஆசிரியர் பார்க்க வேண்டியது குறியும் விடையும் முரண்படும் இடங்களை. உறுதியோடு தவறியவருக்குப் பாடத்தை மறுபடி விளக்குவது வீண்; எண்கோட்டில் 0.6-ஐயும் 0.45-ஐயும் அவரே குறிக்கும்போதுதான் அவர் விதி உடையும். உறுதியான பிழைகள் ஒருமுறை வெளிப்பட்டால் மற்றவற்றைவிட நன்றாகத் திருந்துகின்றன என்று உளவியலாளர்கள் பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் 2001-இல் காட்டினார்கள். ஐயத்தோடு சரியாகப் போட்டவருக்குத் தேவை வேறு: தன்னம்பிக்கை. ஆண்களுக்கு நிகரான மதிப்பெண் பெறும் பெண்களிடமும் கணக்கில் தன்னம்பிக்கை குறைவு என்று பீசா தரவுகள் சொல்கின்றன. அட்டையை மட்டும் பார்த்துப் பிரித்தால், கணக்கு தெரிந்த பெண் தனிப்பயிற்சிக் குழுவிலும் தெரியாத பையன் அடுத்த பாடத்திலும் போய் உட்கார்வார்கள்.

இந்தக் குறிகளை மதிப்பெண்ணில் சேர்க்கவோ மேலதிகாரிக்குப் போகும் படிவத்தில் ஏற்றவோ கூடாது. ஏற்றினால் வகுப்பு முழுதும் 'உறுதி' ஆகிவிடும். கேட்கும் நேரமும் முக்கியம். சொற்களை மனப்பாடம் செய்தவர்களிடம், படித்த உடனே கேட்ட கணிப்பைவிடச் சற்றுப் பொறுத்துக் கேட்ட கணிப்பே பெரிதும் சரியாக இருந்தது என்று உளவியலாளர்கள் நெல்சனும் டன்லாஸ்கியும் 1991-இல் கண்டார்கள். கணக்கு வகுப்பிலும் மணி அடிக்கும் வேளையை விட்டு, மறுநாள் தொடக்கத்தில், இலக்கம் மாற்றிய ஒரு கணக்கோடு கேட்பதே முறை.