பதக்கத்தில் அப்பா பெயர்

பதக்கம் என்றதும் நமக்கு ஓட்டப்பந்தயம்தான் ஞாபகம் வரும். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அதற்காக யாரும் ஓடவில்லை. 1438-39 வாக்கில் பிசனெல்லோ என்ற ஓவியர் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானின் முகத்தைப் பதக்கமாக வார்த்தார். பிறகு இத்தாலிய பிரபுக்களுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. இது கடையில் செல்லும் காசு அல்ல. முன்பக்கம் ரோமானியச் சக்கரவர்த்தி மாதிரி பக்கவாட்டு முகம், பின்பக்கம் ஒரு சின்னம். வேண்டியவர்களுக்குப் பரிசாகப் போகும்.

1447இல் அவர் செய்த செசிலியா கொன்சாகாவின் பதக்கத்தைப் பாருங்கள். மாந்துவா ஆட்சியாளரின் மகள், கிரேக்கம் கற்றவர். தந்தை பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, அவர் இறந்தபின் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். பதக்கத்திலோ அரண்மனை உடையில் இருக்கிறார். சுற்றியுள்ள எழுத்து சொல்வது: கன்னி, மாந்துவா பிரபுவின் மகள். அவ்வளவுதான்!

அவருக்குப் பாடம் சொன்ன விட்டோரினோவுக்கும் இதே பிசனெல்லோ பதக்கம் செய்தார். அதில் அவர் கணித மேதை, கல்விக்கே தந்தை.

ஆசிரியருக்கு அறிவு, மாணவிக்கு அப்பா. முகம் கிடைத்தால் மட்டும் மரியாதை கிடைத்துவிடாது. பக்கத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் அந்தஸ்து இருக்கிறது என்பது என் கருத்து.