விண்ணப்பதாரி யார்?

எமது ஊர்களில் கலியாணப் பேச்சு நடக்கும்போது 'வெளிநாட்டு மாப்பிள்ளை' என்ற சொல்லுக்குத் தனி மரியாதை இருக்கின்றது. மாப்பிள்ளை லண்டனில் இருக்கிறார் என்றால் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி கேட்கப்படாமலே போகின்றன. வீடு கேட்கவில்லை, கைக்கூலி கேட்கவில்லை என்ற மகிழ்ச்சியில் நாமும் எதையும் கேட்பதில்லை. நிக்காஹ் முடிகின்றது. வலீமா முடிகின்றது. இரண்டு வார விடுமுறை முடிந்து மாப்பிள்ளை விமானம் ஏறுகிறார். அதன் பின்னர்தான் 'விசா' என்ற சொல் வீட்டுக்குள் நுழைகின்றது.

வெளிநாட்டுக் கலியாணம் கூடாது என்று நான் சொல்லவில்லை. கடல் கடந்து போய்ப் படித்து, தொழில் செய்து, பிள்ளைகளை நல்ல முறையில் வளர்க்கும் பலரை எமக்குத் தெரியும். நான் வேண்டுவது ஒன்றுதான். துணைவர் விசா பற்றிய விடயங்களைக் கலியாணம் பேசும் நாளிலேயே பேச வேண்டும். அந்தப் பேச்சில் மணப்பெண்ணும் இருக்க வேண்டும்.

எமது ஊர்களில் அதிகம் பேசப்படும் நாடு என்பதால் பிரித்தானியாவையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

'லண்டனில் இருக்கிறார்' என்ற வார்த்தைக்குள் பல நிலைகள் உண்டு. பிரித்தானியப் பிரஜையோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரோ துணைவர் விசாவில் மனைவியை அழைக்கலாம். படிக்கப் போனவரின் நிலை வேறு. 2024 ஜனவரி 1 முதல் அங்கு தொடங்கும் கற்கைநெறிகளில், ஆய்வுப் பட்டங்களைப் போன்ற சிலவற்றைத் தவிர, மாணவர்கள் தமது குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான விசாவை 2024 மார்ச் 11 இன் பின்னர் புதிதாகப் பெற்றுச் சென்றவர்களும் மனைவியை அழைக்க முடியாது. இவர்கள் நல்ல பிள்ளைகளாகவும் உழைப்பாளிகளாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல குணத்துக்கு விசா கிடைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவருக்கு உயர்தரப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது கலியாணம் நடந்தது. 'எப்படியும் போகப் போறவள்தானே' என்று பரீட்சையும் கைவிடப்பட்டது. மாப்பிள்ளை மாணவர் விசாவில் இருக்கிறார் என்பதும், அந்த விசாவில் மனைவியை அழைக்க முடியாது என்பதும் நான்கு மாதங்களின் பின்னரே வீட்டாருக்குத் தெரிய வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. 'இன்னும் போகலையா மகள்?' என்ற கேள்விக்குப் பயந்து ராத்தா இப்போது கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

விசாவில் வருமானமும் பார்க்கப்படுகின்றது. 2024 ஏப்ரல் 11 முதல் துணைவர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்போருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் காட்டப்பட வேண்டும். அதற்கு முன்னர் அது 18,600 பவுணாக இருந்தது. மாப்பிள்ளையின் சம்பளப் பட்டியலும் வங்கிக் கூற்றும் அதை நிரூபிக்க வேண்டும். மணப்பெண் இங்கு ஆசிரியையாக உழைக்கும் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. விசாக் கட்டணத்துக்கு மேலதிகமாகச் சுகாதாரக் கட்டணம் என ஆண்டுக்கு 1,035 பவுண் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 3,105 பவுணை முற்கூட்டியே செலுத்த வேண்டும். இந்தப் பணத்தை யார் கட்டுவது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. பேசாமல் விட்டால் அதுவே கைக்கூலியின் இன்னொரு பெயராகிவிடும்.

மணப்பெண்ணுக்கும் நிபந்தனைகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட ஆங்கிலப் பரீட்சை ஒன்றில் ஆரம்ப மட்டத்திலாவது பேசவும் கேட்டு விளங்கவும் முடியும் என்று காட்ட வேண்டும். சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தி என்பது அங்கு செல்லாது. காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் முகம் பார்த்தது சந்திப்பாகாது. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

எனக்குப் பதினேழு வயது. எமது நாட்டின் முஸ்லிம் விவாகச் சட்டப்படி இன்று எனக்குக் கலியாணம் செய்து வைக்கலாம். பிரித்தானிய விசாவுக்கு எனக்கு இன்னும் வயது போதாது. இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கின்றது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் விவாகப் பதிவில் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. மாப்பிள்ளையும் வலியும் நிக்காஹ்வை நடத்தி வைத்தவரும் இருந்தால் போதும். ஆனால் விசா விண்ணப்பத்தில் விண்ணப்பதாரி அவள்தான். கைரேகை கொடுப்பவளும் அவள்தான். தகவல்கள் உண்மை என்று உறுதி கூறுபவளும் அவள்தான். முகவர் ஒரு பொய்யை எழுதினாலும் மறுக்கப்படுவது அவளுடைய பெயரிலுள்ள விண்ணப்பம்தான். தன் நிக்காஹ்வில் கையொப்பமிடக் கேட்கப்படாத பெண், தனக்கு வாசித்துக் காட்டப்படாத விண்ணப்பம் ஒன்றுக்குப் பொறுப்பாளியாகிறாள்.

மார்க்கம் எமக்கு இப்படிக் கற்பிக்கவில்லை. தன் விருப்பமின்றித் தந்தை செய்து வைத்த திருமணத்தைப் பற்றிக் கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்கள் முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அத்திருமணத்தை ரத்துச் செய்தார்கள் என்பதை ஹதீஸ்களில் காண்கிறோம். சம்மதம் என்பது விளங்கிச் சொல்லும் சொல். எந்த நாட்டில், எந்த நிபந்தனைகளோடு, எவ்வளவு காலம் காத்திருந்து வாழப்போகிறோம் என்று தெரியாத ஒரு பெண் எதற்குச் சம்மதிக்கிறாள்?

விசா கிடைத்த பின்னர் வரும் காலமும் சற்று யோசிக்க வேண்டியதே. முதலில் 33 மாதங்கள்தான் அனுமதி. பின்னர் 30 மாதங்களுக்கு நீடிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் நிறைந்த பின்னரே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை அரசாங்க உதவிப் பணங்கள் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் வேலை செய்யலாம், படிக்கலாம். இந்தக் காலத்தில் மணவாழ்வு முறிந்தால் அவளுடைய அனுமதியும் ஆட்டம் காண்கின்றது. இதைப் பயன்படுத்தி 'உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்' என்று மிரட்டுவோர் இருக்கலாம். ஆனால் வீட்டு வன்முறையால் மணவாழ்வு முறிந்தால், துணைவர் விசாவில் உள்ள மனைவி தன் சொந்தப் பெயரில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க அந்நாட்டின் விதிகளில் வழி இருக்கின்றது. இங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு மணப்பெண்ணும் இதைத் தெரிந்துகொண்டு புறப்பட வேண்டும்.

'இப்படியெல்லாம் கேட்டால் சம்பந்தம் குழம்பிவிடும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களின் பயம் எமக்கு விளங்குகின்றது. மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வாப்பாவுக்கு நல்ல சம்பந்தம் ஒன்று கை நழுவுவது சிறிய விடயமல்ல. ஆனாலும் மாப்பிள்ளையின் குடும்பத்தைப் பற்றி மூன்று ஊர்களில் விசாரிக்கும் நாம், அவருடைய விசாவைப் பற்றி அவரிடமே ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குற்றம்? நேர்மையான மாப்பிள்ளை கோபிக்கமாட்டார். விசாவைக் காட்டச் சொன்னதற்காக உடையும் சம்பந்தம், நிக்காஹ்வுக்கு முன்னரே உடைவது எமக்கு ஒரு ரஹ்மத்.

ஆகவே பெற்றோரே, மஹர் பேசும் சபையில் இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். மாப்பிள்ளை எந்த விசாவில் இருக்கிறார்? அந்த விசாவில் மனைவியை அழைக்க முடியுமா? அவருடைய வருமானம் போதுமா? கட்டணங்களை யார் செலுத்துவது? விசா தாமதமானால் மகள் எங்கே இருப்பாள், என்ன படிப்பாள்? விதிகள் அடிக்கடி மாறுகின்றன. எனவே தரகரின் சொல்லை நம்பாமல், அந்நாட்டு அரசாங்கத்தின் உத்தியோகபூர்வ அறிவித்தலை மகளோடு சேர்ந்து வாசியுங்கள்.

தோழியரே, எமக்கும் கடமை உண்டு. இஸட் புள்ளியில் சேராது என்று நாம் தட்டிக்கழிக்கும் பொது ஆங்கிலப் பாடத்தை இன்றிலிருந்து கவனமாகப் படிப்போம். விசா வந்தாலும் வராவிட்டாலும் அது எமக்கு உதவும். யார் பெண் கேட்டு வந்தாலும் உயர்தரப் பரீட்சையை எழுதி முடிப்போம். கடவுச்சீட்டையும் விவாக அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியையும் எமது கையிலேயே வைத்துக்கொள்வோம். எமது பெயரில் போகும் விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் வாசித்து, விளங்காததைக் கேட்டு, உண்மையை மட்டும் எழுதி அனுப்புவோம். அல்லாஹ் எமது பயணங்களை இலேசாக்கி வைப்பானாக.

க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு