பேசாப் பொருளாகும் ஆண்களின் வலி

திருப்பூர் பனியன் நிறுவனங்களில் 'ஒன்றரை ஷிப்ட்' என்பது அன்றாடச் சொல். காலையில் பவர் டேபிளில் அமரும் டெய்லர், உணவு, தேநீர் இடைவேளைகள் நீங்கலாக இரவு வரை எழுவது அரிது. பீஸ் ரேட் கூலியில், கழிப்பறைக்குச் சென்றுவரும் நேரமும் வருமான இழப்பே. எனவே, தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் பழக்கமாகிவிடுகின்றன. முதுகுவலியைப் பற்றிப் பேசும் தொழிலாளி, அதற்குக் கீழே உள்ள தொல்லையை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை.

சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்குபவை இடுப்புத் தளத் தசைகள். பிரசவத்தோடு இணைத்தே பேசப்படுவதால், இது பெண்களின் பிரச்னை என்ற எண்ணம் நிலவுகிறது. ஆண்களுக்கும் இத்தசைகள் தளர்ந்தால், இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் சிறுநீர் கசியும். புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின்னர் இது பலருக்கு ஏற்படுகிறது. இறுகிப்போனாலோ, அடிவயிற்றிலும் ஆசனவாய்ப் பகுதியிலும் வலியும், சிறுநீர் கழிப்பதில் சிரமமும் உண்டாகும். மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், தொடர்ந்து பாரம் சுமத்தல் ஆகியவை பாதிப்பை அதிகரிக்கும்.

தளர்ந்த தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், இறுகிய தசைக்குத் தளர்த்தும் பயிற்சியும் தேவை. காணொலியைப் பார்த்து, இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடக்கூடும். எனவே, இயன்முறை மருத்துவரின் பரிசோதனை அவசியம். சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் அடைப்பு ஆகியவை இருப்பின், உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும்.

இத்தசைகளுக்கான பயிற்சி குறித்த தமது புகழ்பெற்ற கட்டுரையை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் வெளியிட்டது 1948-இல். அதே ஆண்டில்தான் இந்தியாவில் தொழிற்சாலைகள் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் இயற்றப்பட்டன. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி நேர ஓய்வையும், போதிய கழிப்பறைகளையும் தொழிற்சாலைகள் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனால், கழிப்பறை இருந்தால் மட்டும் போதுமா? கூலியை இழக்காமல் அங்கு சென்றுவர இயல வேண்டாமா?

திருப்பூருக்கு 100 படுக்கைகள் கொண்ட இ.எஸ்.ஐ. மருத்துவமனை கிடைத்திருக்கிறது. 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு செல்கிறது. இவ்விரண்டிலும் ஆண்களுக்கான இடுப்புத் தளச் சிகிச்சைக்குத் தனிப் பயிற்சி பெற்றவர்களை நியமிக்கலாம். பத்துப் பேருக்கும் குறைவானோர் பணியாற்றும் ஜாப் ஒர்க் கூடங்கள் இ.எஸ்.ஐ. கட்டாய வரம்புக்குள் வருவதில்லை. அங்குள்ளோருக்கு அரசுத் திட்டமே புகலிடம்.

ரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் பார்க்கும் மருத்துவ முகாம்களில், 'சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா?' என்ற கேள்வியையும் தனிமையில் கேட்கலாம். கூலி உயர்வுப் பேச்சுவார்த்தைக்கு அமரும் தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும், பீஸ் ரேட்டை நிர்ணயிக்கும்போது இந்த இடைவேளை நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். உலகுக்கு உள்ளாடை தைத்துத் தரும் நகரம், தைப்பவரின் உடல் குறித்துப் பேசக் கூச்சப்படலாகாது.