ஊர் சுற்றிக்காட்டியவரும், கூட நடந்தவர்களும்!

அலுவலகத்தில் யாராவது "வீடு எங்கம்மா?" என்று கேட்டால், "சேப்பாக்கம் பக்கம்" என்பதுதான் என் வழக்கமான பதில். பொய் இல்லை. பறக்கும் ரயிலில் எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் சேப்பாக்கம்தான். ஆனால், நான் பிறந்தது, வளர்ந்தது, இன்றைக்கும் ஆயா கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பது எல்லாமே சிந்தாதிரிப்பேட்டையில். அந்தப் பெயரைச் சொன்னதும் "ஓ... மீன் மார்க்கெட்டா?" என்பார்கள். அடுத்து, "கூவம் நாறுமே, எப்படி இருக்கீங்க?" என்பார்கள். இந்த இரண்டு கேள்விக்குப் பயந்தே சேப்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டேன், வாயளவில்!

இந்த ஆகஸ்ட்டில் அந்தக் குட்டு உடைந்துவிட்டது.

எடிட்டர் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. "மெட்ராஸ் டே சமயத்துல நடக்குற வாக் ஒண்ணு சிந்தாதிரிப்பேட்டையில இருக்காம். ஒரு நிமிஷ வீடியோ போதும். உனக்குப் பக்கம்தானே?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எழுந்து போய்விட்டு, ஏழேகாலுக்குத் திரும்பி வந்து மறுபடி தூங்குவது என் திட்டம்.

போய்ப் பார்த்தால், அது வாக் மாதிரியே இல்லை. கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. "முட்டிவலி எப்படி இருக்கு சார்?", "பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டாளா?", "போன வருஷம் ஏன் வரலை?" என்று ஆளுக்கு ஆள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். முப்பது பேர் இருக்கலாம். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், காலேஜ் பெண்கள், தோளில் குழந்தையோடு ஒரு தம்பதி. நடுவில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். அவர்தான் கைடு.

"புதுசா வர்றவங்களுக்கான வாக் இல்லைம்மா இது. என்கூட ஏற்கெனவே நடந்தவங்க, வருஷத்துக்கு ஒருநாள் திரும்ப வந்து நடப்பாங்க. இன்னிக்கு நான் பாதிதான் பேசுவேன். மீதியை அவங்க பேசணும்" என்றார்.

ஒரு நிமிஷ வீடியோவில் இதை எப்படி அடக்குவது என்று யோசித்துக்கொண்டே பின்னால் போனேன்.

2004-ல் ஆரம்பித்த நடை

மெட்ராஸ் டே பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. கிழக்கிந்திய கம்பெனிக்கு இங்கே இடம் கிடைத்தது 1639-ல். அதன் நினைவாக ஆகஸ்ட் 22-ம் தேதியைச் சென்னையின் பிறந்தநாளாகக் கொண்டாடலாம் என்று 2004-ல் ஆரம்பித்தவர்கள், நகர வரலாற்றாளர் எஸ்.முத்தையா, பத்திரிகையாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசௌசா ஆகியோர். ஒருநாள் கொண்டாட்டம் வாரமாகி, இப்போது ஆகஸ்ட் மாதம் முழுக்க நீள்கிறது. பேச்சு, கண்காட்சி, க்விஸ் என்று நிறைய இருந்தாலும், மக்கள் அதிகம் ஆசைப்படுவது இந்த நடைகளுக்குத்தான். முத்தையா 2019-ல் மறைந்துவிட்டார். நடை நிற்கவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோதுகூட, ஆன்லைனில் உட்கார்ந்தபடி ஊர் சுற்றினார்கள்.

அதேபோல, பிப்ரவரி 21 உலக சுற்றுலா வழிகாட்டிகள் தினம். பல நாடுகளில் அன்றைக்கு கைடுகள் உள்ளூர் மக்களுக்கு இலவசமாக ஊரைச் சுற்றிக்காட்டுவார்கள். "வெளிநாட்டுக்காரங்களுக்கு வருஷம் முழுக்கச் சொல்றோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒருநாளாவது சொல்ல வேணாமா?" என்று சிரித்தார் நம் கைடு.

தறிச் சத்தம் கேட்ட தெரு

"இந்த ஊருக்குப் பேர் எப்படி வந்தது?" என்று முதல் கேள்வியைப் போட்டார். நான் மொபைலைத் தூக்கிப் பிடித்தபடி கமுக்கமாக நின்றுகொண்டேன். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருக்கிற எனக்குப் பதில் தெரியாது!

கூட்டத்திலிருந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சொன்னான். "சின்ன தறிப் பேட்டை!"

1734-ல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கம்பெனிக்கு ஏற்றுமதி செய்யத் துணி தேவைப்பட்டது. நெசவாளர்களைப் பக்கத்திலேயே குடிவைத்தால் நல்லது என்று, சுங்குராமா என்ற வணிகரின் தோட்டமாக இருந்த இந்த இடத்தைப் பிடித்து, ஒரு நெசவாளர் குடியிருப்பை உருவாக்கினார்கள். நூல் நூற்பவர்கள், நெய்பவர்கள், துணி வெளுப்பவர்கள், துணியில் சித்திரம் எழுதுபவர்கள் என்று ஒரு தொழிலின் எல்லாக் கைகளும் ஒரே இடத்தில். சின்னத் தறிகள் ஓடியதால் சின்ன தறிப் பேட்டை, வாய்க்கு வாய் மாறிச் சிந்தாதிரிப்பேட்டை. "கூவம் இந்த இடத்தை வளைச்சுக்கிட்டு ஓடுது பாருங்க. சலவைக்குத் தண்ணி வேணுமே!" என்றார்.

அடுத்தடுத்து நிற்கும் ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீஸ்வரர் கோயில்களைப் பார்த்தோம். 1847-ல் கட்டப்பட்ட சீயோன் தேவாலயத்தின் முன்னால் நின்றோம். அதை எழுப்பிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மிரன் வின்ஸ்லோதான், 1862-ல் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு பெரிய தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்டவர். நான் ஸ்கூலுக்குப் போகும்போது தினமும் கடந்துபோன சர்ச்!

மே தினப் பூங்காவுக்கு வந்ததும் பேங்க் மேனேஜர் தாத்தா முறை. "எங்க காலத்துல இது நேப்பியர் பார்க். இந்தியாவோட முதல் மே தினத்தை இங்கதான் கொண்டாடினாங்கன்னு பல பேர் நினைச்சிட்டிருக்காங்க. அது தப்பு. சிங்காரவேலர் 1923-ல அதைக் கொண்டாடினது கடற்கரையில. போன வருஷம் நானும் தப்பாதான் சொன்னேன். சார் ஒண்ணும் சொல்லாம சிரிச்சார். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தேடிப் படிச்சேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தப்பை ஒத்துக்கொண்டதற்குக் கைதட்டு வாங்கிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

"ஆளுங்க கதையை யார் சொல்றது?"

நடையின் கடைசி இடம் கூவம் கரை. இங்கே கைடு பேசவில்லை. கூட்டத்தில் பின்னாலிருந்த ஒரு அக்காவைக் கூப்பிட்டு, கையிலிருந்த மைக்கைக் கொடுத்தார்.

அவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீன் மார்க்கெட்டில் ஆயாவுக்கு மீன் வெட்டிக்கொடுத்த அக்கா! நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, சங்கரா வெட்டும்போது செதில் தெறிக்கும் என்று என்னை நாலடி தள்ளி நிற்கச் சொல்வார். ஒருநாள் காணாமல் போனார். எங்கே போனார் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

கூவம் கரையோரம் இருந்த குடும்பங்கள் பல, நதியைச் சீரமைக்கும் திட்டத்துக்காக நகரத்துக்கு வெளியே மாற்றப்பட்டன. பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போனவர்கள் ஏராளம். அந்த அக்காவின் குடும்பமும் அப்படிப் போனதுதான்.

"அங்க வீடு நல்லாதான் இருக்கு. கக்கூஸ் வீட்டுக்குள்ளயே இருக்கு. மழைக்குத் தண்ணி உள்ள வராது. நான் குறை சொல்லலை" என்று ஆரம்பித்தார். "ஆனா, மார்க்கெட்டுக்கு விடிகாலையில வரணும். ரெண்டு பஸ் மாறி வந்து சேர்றதுக்குள்ள பாதி யாவாரம் முடிஞ்சுடும். வெட்டுறதுக்கு என் இடத்துல வேற ஆள் உக்காந்துட்டாங்க. அவங்களைச் சொல்லி என்ன ஆகப்போவுது? இப்ப அங்கயே பக்கத்துல வீட்டு வேலை பாக்குறேன்."

பிறகு, கையை நீட்டிக் காட்டினார். அடுப்பு எரிந்த இடம், தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடம், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய இடம், 2015 வெள்ளத்தில் எந்த உயரம் வரை தண்ணீர் ஏறியது என்று ஒவ்வொன்றாக. அவர் காட்டிய இடத்தில் எங்கள் கண்ணுக்கு வெறும் தரைதான் தெரிந்தது. அவர் பேசப் பேச, வீடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

இவர் எப்படி இந்த நடைக்குள் வந்தார்? சில வருஷத்துக்கு முன்னால், ஊரைப் பார்க்க வந்து கரையோரம் நின்றுகொண்டிருந்தாராம். அந்தப் பக்கமாக வந்த கூட்டத்திடம் கைடு கூவத்தின் பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர் குறுக்கே புகுந்து, "தண்ணி கதை எல்லாம் சரி சார். இங்க இருந்த ஆளுங்க கதையை யார் சொல்றது?" என்று கேட்டுவிட்டார்.

"வேற யாராவது கேட்டிருந்தா சமாளிச்சிருப்பேன். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. நீங்களே சொல்லுங்கம்மான்னு மைக்கைக் கொடுத்துட்டேன். அன்னிலேர்ந்து இந்த இடம் அவங்களோடது" என்றார் கைடு.

இலவசம்னா யாருக்கு?

நடை முடிந்ததும் டிபன். இட்லி, வடை, பில்டர் காபி. அங்கேதான் கைடிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேச முடிந்தது.

"ஆகஸ்ட்ல எல்லாருக்கும் எங்களைத் தெரியும். செப்டம்பர்ல போன் அடிக்காது" என்றார். அவரைப் போன்ற உரிமம் பெற்ற கைடுகளுக்கு வருமானம் வெளிநாட்டுப் பயணிகளை நம்பித்தான். சம்பளம், பி.எஃப் எதுவும் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் ஓடி ஓடி உழைத்து, கோடைக்குச் சேர்த்து வைக்க வேண்டும். 2020-ல் விமானங்கள் நின்றபோது, அவர் வருமானமும் அதே நாளில் நின்றது.

"அப்ப எனக்குப் போன் பண்ணினது இவங்கதான்" என்று சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார். "தர்மம்னு கொடுத்தா நான் வாங்க மாட்டேன்னு தெரியும். அதனால, 'அடுத்த வருஷ வாக்குக்கு இப்பவே அட்வான்ஸ்'னு அனுப்பினாங்க. அந்த அட்வான்ஸுக்குத்தான் இன்னும் நடந்துட்டிருக்கேன்."

இந்த வருடாந்திர நடைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால், டிபன் கடையில் ஒரு துணிப்பை சுற்றி வருகிறது. அவரவர் விருப்பம். அந்தப் பணத்தில் முதல் பங்கு அக்காவுக்கு. முதல் வருஷம் அவர் வாங்க மறுத்தாராம். "என் வீட்டுக் கதையைச் சொல்றதுக்குக் காசா?" என்றாராம். "கதை சொல்றதுதான் எனக்கு வேலை. நான் காசு வாங்குறேன்ல? அதே வேலையை நீங்க செஞ்சா நீங்களும் வாங்கணும்" என்று கைடு சொன்ன பிறகுதான் கையை நீட்டினாராம்.

பை என்னிடம் வந்தபோது, இலவச நிகழ்ச்சி என்று வீடியோவுக்கு நான் யோசித்து வைத்திருந்த தலைப்பை மனசுக்குள் அழித்தேன்.

நீங்களும் நடக்கப் போறீங்களா?

அங்கே பழைய ஆட்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சில விஷயங்கள், உங்களுக்கும் உதவும்.

● மகாபலிபுரம், தஞ்சாவூர் போன்ற இடங்களில் கைடு வைத்துக்கொள்ளும்போது, மத்திய சுற்றுலா அமைச்சகமோ மாநிலச் சுற்றுலாத் துறையோ கொடுத்த அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள்.

● எத்தனை மணி நேரம், எவ்வளவு கட்டணம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். முடிந்த பிறகு பேரம் பேசாதீர்கள்.

● தெருவில் நடக்கும்போது வீட்டு வாசல், கோலம், தாத்தா பாட்டி எல்லாம் அழகாகத்தான் இருக்கும். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். நமக்கு அது ரீல்ஸ், அவர்களுக்கு அது வீடு.

● பிடித்திருந்தால் கைடின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து விருந்தாளி வரும்போது கூப்பிடுங்கள். அவர்களுக்குக் கைதட்டலைவிட அது பெரிது.

நோட்டில் ஒரு கட்டம்

கிளம்பும்போது ஒரு பழைய நீள நோட்டு வந்தது. பெயர், ஊர், முதன்முதலில் நடந்த வருஷம் என்று மூன்று கட்டம். ஒவ்வொரு வருஷமும் வந்தவர்கள் எல்லோரும் அதில் எழுத வேண்டும். அடையாறு, வில்லிவாக்கம், தாம்பரம் என்று வரிசையாக இருந்தது.

எனக்கு முன்னால் அந்த அக்கா. நிதானமாக, எழுத்துக் கூட்டி எழுதினார். என்னிடம் நோட்டைக் கொடுக்கும்போது முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ சாமி நாயக்கன் தெரு ஆயாவோட பேத்திதானே? செதில் பட்டா அழுவியே! ஆயா சுகமா?"

"நல்லா இருக்காங்கக்கா" என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

நோட்டைப் பார்த்தேன். பெரும்பாக்கம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், ஊர் என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது 'சிந்தாதிரிப்பேட்டை'.

அதற்குக் கீழே, என் பெயருக்குப் பக்கத்தில், நானும் அதையே எழுதினேன்.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பொண்ணா? அதை ஏண்டி டிபனோட அனுப்பிச்சிட்டு வந்தே? வீட்டுக்குக் கூட்டியார வேணாமா?" என்று திட்டினார். அடுத்த ஆகஸ்ட்டில் எங்கள் வீட்டில் மீன்குழம்பு என்று முடிவாகியிருக்கிறது. நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊர்க் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை தெரியுமா? தெரியாவிட்டால், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருக்கும் பெரியவரைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். உங்கள் முதல் கைடு அவர்தான்!