பூனைக்குட்டியின் கண்ணில் பீளையா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் ஒரு நாட்டுப்பூனை மூன்று குட்டி போட்டது. ஒரு மாதம் கழித்து ஒரு குட்டிக்குத் தும்மல். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக் கிடந்தது. மாமாவின் கண்புரை ஆபரேஷனுக்கு வாங்கிய சொட்டு மருந்து அலமாரியில் பாதி மிச்சம் இருந்தது. "அதையே விட்டுப் பாரேன், கண் மருந்துதானே!" என்றார் அத்தை. எனக்கும் சரியென்று பட்டது, விட்டேன். நாலாம் நாள் ஒரு கண் வெள்ளை பூத்துவிட்டது. அந்தக் கண் பிறகு தெரியவே இல்லை.

அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்ததாம். கருவிழியில் புண் இருக்கும்போது அது பட்டால் புண் ஆறாமல் ஆழமாகிவிடும். புண் இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது. டாக்டர் சாயச் சொட்டு விட்டுத்தான் கண்டுபிடிப்பார்.

குட்டிகளுக்குப் பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸாலோ, கிளமிடியா என்ற கிருமியாலோதான் கண்நோய் வருகிறது. ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் உடம்பிலேயே தங்கி, பூனை மிரண்டாலோ மெலிந்தாலோ மறுபடி தலைகாட்டும்.

முதலில் செய்ய வேண்டியது இதுதான்: கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஒட்டிய இமைமேல் சிறிது நேரம் வையுங்கள். பீளை ஊறியதும் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. பிய்த்து இழுக்கவே கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், உயிரே போய்விடும்.

நோயுள்ள குட்டிக்குத் தனித் தட்டு, தனித் துணி வையுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். மூக்கடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது, சாப்பிடாது. வேகவைத்த மீனை முள் எடுத்து, வெதுவெதுப்பாக வைத்துப் பாருங்கள்.

பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் அடுத்த நாளுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணைத் திறக்க முடியாமல் இடுக்கினாலோ, கருவிழி மங்கினாலோ, தீனி எடுக்காவிட்டாலோ அன்றைக்கே கிளம்புங்கள். மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொன்னாலும் அங்கே பூனையையும் பார்ப்பார்கள். நம் திருநெல்வேலியில் இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மூடியுள்ள கூடையில் துணி விரித்துக் கொண்டுபோனால் குட்டி மிரளாது. டாக்டர் தரும் மருந்தை, பீளை நின்றுவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

குட்டிக்கு 8 வாரம் ஆனதும் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நோய் வரவே வராது என்றில்லை. வந்தாலும் கடுமை குறையும்.

எங்கள் குட்டி இப்போது ஒற்றைக் கண்ணோடு, தாயாகி, அடுப்படியில் அதிகாரம் பண்ணுகிறது. மீன் நறுக்கும்போது அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தால், அலமாரியில் இருந்த அந்த மருந்துப் புட்டிதான் எனக்கு நினைவு வருகிறது. உங்கள் வீட்டில் மிச்சம் இருக்கும் சொட்டு மருந்தை இன்றைக்கே எடுத்து எறிந்துவிடுங்கள், அம்மா.